டின்மீனுக்கு நான் எழுதிய நன்றிக் கடிதங்கள்

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து நிரோஜா போன் எடுத்தாள். நான் வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு என்னுடைய கதிரையில் இருக்கிற பிள்ளை.

“மிஸ், உங்கட பழைய கடிதங்கள் எல்லாத்தையும் கொம்பியூட்டருக்குக் குடுத்திட்டம். இப்ப அதுவே தானா நன்றிக் கடிதம் எழுதுது. அச்சொட்டா உங்களைப் போலவே எழுதுது மிஸ்!”

சொல்லிவிட்டு ஒன்றை வாசித்தும் காட்டினாள். ‘உங்கள் கருணை எங்கள் குடிசைகளின் இருளில் விளக்கேற்றியது’ என்று தொடங்கியது. என்னுடைய வசனம்தான். மறுக்க ஏலாது. நாங்கள் உதவி கொடுத்த கட்டைபறிச்சான் ஊருக்குக் கரண்ட் வந்து எத்தனையோ காலம். அந்த விளக்கை நான் வருடாவருடம் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். இப்போது என் இடத்தில் ஒரு மெசின் ஏற்றுகிறது.

“ஆண்டு மலருக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோ மிஸ். ஜூனியர்மார் வாசிக்க வேணும்,” என்றாள். சரி, எழுதுகிறேன். மலரில் போடுவதும் விடுவதும் அவர்கள் பாடு.

என் பெயர் றோசலின். துறைமுகத்துக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். படிப்பு முடிய ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் தட்டெழுத்தராகச் சேர்ந்தேன். உடைந்து வந்த சாமானுக்கும் ‘தங்கள் பொருள்கள் நன்னிலையில் கிடைக்கப்பெற்றன’ என்று ஆங்கிலத்தில் எழுத அங்கேதான் பழகினேன். என் தொழிற்பயிற்சி அவ்வளவுதான். மீதி வேலைக்காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன்.

பிறகு உட்துறைமுக வீதியில் இருந்த எங்கள் நிவாரணச் சங்கத்தில் வேலை கிடைத்தது. வெள்ளம், புயல், சண்டை, மீண்டும் வெள்ளம். எங்களுக்கு எது வந்தாலும் வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஊர்க்காரர் துடித்துப்போவார்கள். குளிர் நகரம் ஒன்றில் அவர்களுக்கென்று ஒரு ஒன்றியம் இருந்தது. அவர்கள் அனுப்புவார்கள், நாங்கள் கொடுப்போம். கொடுத்த பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொல்வதைக் கேட்டு, ஆங்கிலத்தில் நன்றிக் கடிதமாக எழுதி அனுப்புவது என் வேலை. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வராது என்பதால் ஆங்கிலம்.

எங்கள் செயலாளர் அருளானந்தம் சேர். இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். நீளக் கை வெள்ளைச் சேட்டு, சட்டைப் பையில் பச்சை மைப் பேனை. கடிதத்தை இருந்து வாசிக்க மாட்டார். எழும்பி நின்று, தேசிய கீதத்துக்கு நிற்கிற மாதிரி நின்று, உரத்து வாசிப்பார். ‘நன்றி’ என்ற சொல் வரும்போதெல்லாம் இடது கையில் ஒரு விரலை மடக்குவார். தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. மூன்று விரலும் மடங்கினால்தான் கையெழுத்து. இரண்டோடு நின்றால் கடிதம் பச்சைக் கோட்டோடு என் மேசைக்குத் திரும்பி வரும்.

அவருடைய சட்டங்களில் பெரிய சட்டம் ஒன்று உண்டு.

“றோசலின், நன்றியும் வேண்டுகோளும் ஒரே கடித உறைக்குள்ள போகப்படாது. வாங்கின கையோட திரும்பக் கை நீட்டினா அவையள் எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?”

வேண்டுகோளுக்குத் தனியாக ஒரு பத்திரம் இருந்தது. ஒக்டோபரில் மட்டும் நிரப்பலாம். அந்தப் பத்திரத்தின் கடைசிக் கேள்வி, ‘விண்ணப்பதாரர் ஏற்கெனவே ஒன்றியத்தின் உதவியைப் பெறுகிறாரா?’ ஓம் என்று எழுதினால் விண்ணப்பம் தள்ளுபடி. இல்லை என்று எழுதினால், ‘அப்ப இவரை ஆர் எண்டு அவையளுக்கு எப்பிடித் தெரியும்?’ என்று சேரே தள்ளிவிடுவார். இந்த வாசலால் உள்ளே போன ஒருவரையும் நான் கண்டதில்லை.

படம் எடுப்பதற்கும் ஒழுங்கு இருந்தது. சங்கத்தின் பெயர் எழுதிய பனருக்கு இடது பக்கம் ஆட்கள். கையில் சாமான், லேபல் முன்னுக்கு. சிரிக்க வேண்டும், ஆனால் அளவாக. “பல்லுத் தெரியச் சிரியாதேங்கோ! நீங்கள் கஷ்டப்பட்ட ஆக்கள்!” என்று சேர் கமராக்காரனுக்குப் பின்னால் நின்று கத்துவார். கஷ்டப்பட்ட சனம் அந்தக் கத்தலுக்கே பல்லைக் காட்டிவிடும். திரும்ப எடுக்க வேண்டி வரும்.

இனி டின்மீனுக்கு வருகிறேன்.

ஒரு மாரியில் கொட்டியாரக் குடாவில் வள்ளங்கள் எல்லாம் உடைந்து, கிழமைக்கணக்காக ஒருவரும் கடலுக்குப் போக ஏலாமல் இருந்தது. அப்போது ஒன்றியம் பெட்டி பெட்டியாக டின்மீன் அனுப்பியது. உண்மையாகவே உயிர் காத்த மீன் அது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தாங்கள் பிறந்த ஊரைச் சொல்லி ஒரு கடதாசித் துண்டு வைத்திருந்தார்கள். ‘நான் உப்புவெளி. சுகமா இருங்கோ’ என்று ஒன்று. ‘நான் மட்டிக்களி, இஞ்ச பனி கொட்டுது, உங்களைத்தான் நினைக்கிறன்’ என்று இன்னொன்று. நடுங்கிய கையெழுத்து. அவற்றை வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. சாகும்வரைக்கும் மறக்க மாட்டேன். அந்தச் சூட்டோடு ஒரு கடிதம் எழுதினேன். ‘ஒரு தாய் டின்னைத் திறந்தாள். கடல் வீட்டுக்குத் திரும்பி வந்தது’ என்று எழுதினேன்.

அதுதான் நான் செய்த பிழை. கடிதம் அளவுக்கு மிஞ்சி நன்றாக அமைந்துவிட்டது. அவர்கள் அதை ஆண்டுக் கூட்டத்தில் வாசித்திருக்கிறார்கள். சபை முழுக்க அழுகையாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்களாம். அடுத்த வருடமும் டின்மீன் வந்தது. அதற்கடுத்த வருடமும் வந்தது. டின்மீனுக்கென்று ஒரு உபகுழுவே அமைத்துவிட்டார்கள். வள்ளங்கள் திருத்தி, வலை பின்னி, சனம் கடலுக்குப் போய்ப் பாரையும் சீலாவுமாகப் பிடித்துக் கரையில் கொட்டுகிறது. எங்கள் லொறி அந்த மீன் குவியலைச் சுற்றிக்கொண்டு போய் வீடு வீடாக டின்மீன் இறக்குகிறது.

“போதும் எண்டு எழுதுவமோ சேர்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“விசர்க் கதை கதையாதை. அன்பாத் தாறதை வேண்டாம் எண்டு சொல்லுறதோ? நல்லம் எண்டு எழுது.”

நல்லம் என்று எழுதினேன். நாங்கள் வளர்ந்த விதம் அப்படி. விருந்துக்குப் போன வீட்டில் கறியில் உப்பில்லாவிட்டாலும் நல்லம் என்போம். உடனே இன்னும் ஒரு கரண்டி விழும். அதையும் சாப்பிடுவோம்.

பூமணியின் கதை இதற்குள்தான் வருகிறது. கட்டைபறிச்சானில் இருக்கிறாள். ஐம்பது வயதிருக்கும். கணவன் கடலுக்குப் போகிறவர். இவள் இடியப்பம் அவித்து விடியவே மூதூர்ச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பாள். பஞ்சு மாதிரி இடியப்பம். ஒரு பெருவெள்ளத்தில் குடாத் தண்ணீர் ஏறி அவளுடைய கிணற்றுக்குள் போய்விட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் கிணறு உப்பாகவே நின்றது. அந்தத் தண்ணீரில் மாக் குழைத்தால் இடியப்பம் கரிக்கும். கடைக்காரர் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். அவளுக்கு டின்மீன் கொடுத்தோம்.

வாசிகசாலையில் மேசை போட்டு நான் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் முறை வந்தது. முன்னால் வந்து இருந்தாள். கையில் இருந்த பையை மடியில் வைத்தாள்.

“எழுதுங்கோ மிஸ். டின்மீன் கிடைச்சது. நன்றி.”

“ம், சொல்லுங்கோ.”

“எங்கட மனுசன் மீன் பிடிக்கிறவர். வீட்டில மீன் இருக்கு. உங்கட மீனைப் பூனைக்கு வைச்சனான். அதுவும் மணந்து பாத்திட்டுத் தின்னாமப் போட்டுது.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

“எங்களுக்குத் தண்ணிதான் இல்லை. கிணறு உப்பு. ஆறு வீட்டுக்கு அந்த ஒரு கிணறுதான். தண்ணி இறைக்கிற மெசின் பிடிச்சு, இறைச்சு, சேறு அள்ளி, சுத்திவரக் கிணத்துக் கட்டை உசத்தித் தந்தா காணும். வேற ஒண்டும் வேண்டாம். எழுதிப்போட்டியளோ?”

“ஓம், எழுதிறன்.”

நான் எழுதியதை இங்கே ஒளிக்காமல் தமிழில் சொல்கிறேன். ‘தாங்கள் அனுப்பிய மீனுக்கு நன்றி. எங்கள் வீட்டின் சிற்றுயிர்களும் அம்மகிழ்ச்சியில் பங்குகொண்டன. தங்கள் அன்புக்கு நன்றி. அவ்வன்பின் மீது எங்களுக்குள்ள தாகம் ஒருபோதும் தீராது. நன்றி.’

சேர் எழும்பி நின்று வாசித்தார். மூன்று விரலும் மடங்கின. “தாகம்... நல்ல சொல்,” என்றார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

அடுத்த வருடம் லொறி வந்தது. வழக்கமான டின்மீன். அதன் மேலே நான்கு பெட்டி, புதிதாக. திறந்து பார்த்தோம். பூனைச் சாப்பாடு! ‘சிற்றுயிர்களுக்கு’ என்று உபகுழு தனியாக அனுப்பியிருந்தது. ஒவ்வொரு சிறு பக்கெட் பையிலும் ஒரு கொழுத்த வெள்ளைப் பூனையின் படம். சேர் பக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொறுக்கி எடுத்துக் குடுங்கோ. பூனை உள்ள வீடுகளுக்கு மட்டும்,” என்றார். பூனை உள்ள வீடுகளின் பெயர்ப்பட்டியல் தயாரித்தது நான்தான். என் உத்தியோகத்தில் அப்படியும் ஒரு நாள் இருந்தது.

பூமணிக்கு இரண்டு பக்கெட். கடிதம் எழுத வந்தபோது பக்கெட்டை மேசையில் வைத்தாள்.

“பூனைக்கு வந்திட்டுது. எனக்கு எப்ப மிஸ் வரும்?”

ஒக்டோபரில் அவளுடைய கிணற்றுக்குப் பத்திரம் நிரப்பினேன். கடைசிக் கேள்விக்கு ஓம் என்று எழுத வேண்டி வந்தது. டின்மீனும் பூனைச் சாப்பாடும் வாங்கியவள் அல்லவா? பத்திரம் பச்சைக் கோட்டோடு திரும்பியது. கடிதத்துக்குள் எழுதலாமா என்று நான் யோசித்தேன். யோசித்ததோடு சரி. வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. சேருக்கு எதிராகப் போய்ப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

அந்த மழைக்காலத்தில் பூமணி சைக்கிளில் இரண்டு கேன் தண்ணீர் கட்டிக்கொண்டு வரும்போது சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. இடியப்ப உரல் பிழிகிற கை. செய்தி கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தோடம்பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவள் பழத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இதுக்கும் கடிதம் எழுத வேணுமோ?” என்று கேட்டாள்.

பகிடியாகத்தான் கேட்டாள். நான் வெளியே வந்து வாகனம் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதேன். என்னுடைய அழகான ஆங்கிலத்தை நினைத்து நினைத்து அழுதேன்.

பூமணியின் முறிந்த கை கூடி வந்த நேரம் ஒன்றியத்திலிருந்து மூன்று பேர் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. தலைவி ஷாமினி என்ற பிள்ளை. அங்கேயே பிறந்து வளர்ந்தவள், தாய் உப்புவெளி. மற்ற இருவரும் அவள் வயதுதான். ‘சிற்றுயிர்கள்’ கடிதம் எழுதிய அந்த அம்மாவைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சேருக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. முதல் நாளே பூமணி வீட்டுக்குப் போய்ப் பனர் கட்டினார். முற்றத்தில் இரண்டு தூண் இருந்த இடம் கிணற்றடி மட்டும்தான். பனரைக் கிணற்றுக்கு முன்னால் இழுத்துக் கட்டினார். ‘கரம் கோர்ப்போம்’ என்று பெரிய எழுத்து. கிணறு இருந்த இடமே தெரியவில்லை.

“பூமணி, அவை என்ன கேட்டாலும் நன்றி எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை றோசலின் பாத்துக்கொள்ளுவா,” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் வந்தார்கள். ஷாமினிக்கு ‘வணக்கம்’, ‘ஓம்’, ‘சாப்பிட்டியளா’ தெரியும். மற்றதெல்லாம் ஆங்கிலம். பூனையைத் தேடினாள். பூனை வந்து அவளுடைய காலை உரசியது. படம் எடுத்தார்கள். அருளானந்தம் சேர் பல்லைப் பற்றி ஒன்றும் கத்தவில்லை.

பூமணி எல்லோருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் முதல் மிடறு குடித்தேன். உப்பு. கடவுளே, என்ன உப்பு! சீனி போட்டும் கரித்தது. பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீர் வீட்டில் இருந்ததை நான் கண்டிருந்தேன். அவள் வேண்டுமென்றே கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி ஊற்றியிருக்கிறாள்.

சேரின் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. “அருமையான தேத்தண்ணி,” என்றார். ஷாமினியும் கண்ணை ஒருமுறை மூடித் திறந்துவிட்டு ‘வெரி நைஸ்’ என்றாள். கூட வந்த இருவரும் தலையாட்டினார்கள். நானும்தான், “நல்லம் பூமணி,” என்றேன்.

“மெய்யே? அப்ப இன்னும் கொஞ்சம் விடுறன்,” என்றாள் பூமணி. கேத்தலோடு வந்து ஒவ்வொரு கோப்பையையும் விளிம்புவரை நிரப்பினாள்.

சேர் தன் கோப்பையைப் பார்த்தார். ஷாமினி மெதுவாகக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். தேத்தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள். கேட்டேன்.

பூமணி போய்ப் பனரின் கயிற்றை அவிழ்த்தாள். பனர் விழுந்தது. பின்னால் கிணறு. “இந்தத் தண்ணிதான். ரெண்டு வருசமா இதுதான்,” என்றாள். மொழிபெயர்த்தேன்.

ஷாமினியின் முகம் மாறிவிட்டது. இதை ஏன் எங்களுக்கு ஒருநாளும் சொல்லவில்லை என்று கேட்டாள். அதையும் தமிழில் சொன்னேன். பூமணி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

“சொன்னனான். முதல் கடிதத்திலேயே சொன்னனான். இந்த மிஸ்தான் எழுதேல்லை.”

எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேர் ஒரு பக்கமாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. எத்தனையோ வருடம் பழகிய வாய் தானாகவே வசனம் கட்டத் தொடங்கியது. ‘தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு தாமதம்’ என்று நுனிநாக்கில் வந்து நின்றது. அழகான வசனம். சொல்லியிருந்தால் ஒருவருக்கும் நோகாது.

அவளுடைய மணிக்கட்டைப் பார்த்தேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். “‘நான் சொன்னேன், முதல் கடிதத்திலேயே சொன்னேன், இந்தப் பெண்தான் எழுதவில்லை’ என்கிறா. அது உண்மை. நான் எழுதவில்லை. மீனைப் பூனைகூடத் தின்னவில்லை என்றும் சொன்னா. அதையும் நான் எழுதவில்லை.”

என் வேலைக்காலத்தில் நான் செய்த சரியான மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஷாமினி கிணற்றடிக்குப் போய் உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு கொச்சைத் தமிழில், சொல் சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னாள். “எனக்கு... அவ சொல்லேக்கயே விளங்கினது அன்ரி. வீட்டில அம்மா இப்பிடித்தான் கதைப்பா. நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு பாத்தனான்.”

பிறகு அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு இன்னும் வெட்கமாகிவிட்டது. அங்கே சனிக்கிழமைகளில் வயதுபோனவர்கள் கூடி, மூட்டு வலியோடு குனிந்து நிமிர்ந்து டின் அடுக்குகிறார்களாம். அவளுடைய அம்மாவுக்கு டின்மீன் மணமே ஒத்துவராதாம். ஊர்ச்சனத்துக்கு அவ்வளவு பிடித்திருக்கிறதே என்று மூக்கைப் பொத்திக்கொண்டு அடுக்குகிறாவாம். உப்புவெளியிலிருந்து போன மனுசி அங்கே மூக்கைப் பொத்துகிறா, இங்கே பூனை முகத்தைத் திருப்புகிறது, நடுவில் இருந்து நான் ‘நல்லம்’ எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது வான் வண்டியில் சேருக்குப் பக்கத்தில் இருந்தேன். மூதூரும் தாண்டியது. ஏச்சு விழப்போகிறது என்று காத்திருந்தேன். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது வெளியே பார்த்தபடியே கேட்டார்.

“தேத்தண்ணி சரியான உப்பு, என்ன?”

“ஓம் சேர். சரியான உப்பு.”

பிறர் கொடுத்த ஒன்றைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் குறை அதுதான். அடுத்து வந்த ஒக்டோபரில் பத்திரத்தின் கடைசிக் கேள்வியைப் பச்சை மையால் அவரே வெட்டினார்.

ஷாமினி ஆட்கள் போய் இரண்டு மாதத்தில் ஒன்றியத்தின் காசில் கிணற்று வேலை தொடங்கியது. மெசின் வந்தது. ஆறு வீட்டுக்காரரும் இறங்கிச் சேறு அள்ளினார்கள். கட்டு உயர்ந்தது. ஒரு மாரி முழுக்க நல்ல தண்ணீர் இறங்கிய பிறகு உப்பு விட்டது. அதற்கு நன்றிக் கடிதம் எழுதப் பூமணி அலுவலகத்துக்கே வந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சொல் கூட்டவில்லை. ‘கிணறு நல்லம். ஆறு வீடும் குடிக்குது. அதுக்கு நன்றி. டின்மீன் இனி வேண்டாம், ஷாமினியின்ர அம்மாவை ஆறியிருக்கச் சொல்லுங்கோ. கடதாசித் துண்டு மட்டும் அனுப்புங்கோ, அது எங்களுக்கு விருப்பம். பூனை சுகம்.’

சேர் எழும்பி நின்று வாசித்தார். ஒரு விரல்தான் மடங்கியது. கையெழுத்து வைத்தார். நிரோஜா, அந்தக் கடிதம் கடிதக் கோவையின் கடைசியில் இருக்கிறது. கொம்பியூட்டருக்குக் கொடுப்பதென்றால் அதைக் கொடு. மற்றவற்றை அலுமாரியில் வைத்துப் பூட்டு.

நான் இளைப்பாறிய நாளில் பூமணி இடியப்பமும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் கொண்டுவந்தாள். பிரியாவிடைப் பேச்செல்லாம் முடிந்த பிறகு என் மேசையில் இருந்து குடித்தோம். கிணற்றுத் தண்ணீர். ஒரு துளி உப்பில்லை. நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பிடி மிஸ்?”

‘நல்லம்’ என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

“சீனி கூடிப்போச்சு பூமணி.”

“அவ்வளவுதானே,” என்றாள். “அடுத்த முறை குறைக்கிறன்.”